அப்பாரு கொடுத்த சொத்தை

பிடுங்கிவிட்டார்களா தம்பி? கடைவாய்ப் பல்லா? இல்லை, இல்லை, நீங்கள் பேச வேண்டாம். பஞ்சைக் கடித்தபடியே இருங்கள். அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று நர்ஸம்மா உங்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. இப்படி உட்காருங்கள். நான் பேசுகிறேன், நீங்கள் தலையை ஆட்டினால் போதும். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறான்?

நான் என் பல்லுக்காக வரவில்லை. என் பல்லெல்லாம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இது செட்டு. மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும். பேத்திக்காக வந்திருக்கிறேன். மிருதுளா என்று பேர், ஆறு வயது. உள்ளே இருக்கிறாள். கூட அவளுடைய அம்மா மேகலா, என் மருமகள். "மாமா, நீங்க வெளியவே உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. மேகலா குரலை உயர்த்தவே மாட்டாள், பேங்கில் வேலை பார்க்கிறவள். குரலை உயர்த்துகிற மருமகளாக இருந்தால் பதிலுக்கு நாமும் இரண்டு வார்த்தை கத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இன்றைக்கு உள்ளே சோதனை செய்வது பேத்தியின் பல்லை இல்லை தம்பி, என்னை. புதிதாக ஒரு சொத்தைப்பல் கண்டுபிடித்தார்கள் என்றால், நாளையிலிருந்து பேத்தி என் வீட்டுக்கு வர மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டேகேரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். டேகேர் என்றால் பெற்றவர்கள் வருகிற வரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொள்கிற இடம். மாடுகளுக்குப் பட்டி இருக்கிறதல்லவா, அந்த மாதிரி.

இப்போது அவள் சாயங்காலமெல்லாம் என்னோடுதான். மகனும் மருமகளும் வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நான் நிற்பேன். என் வீட்டுக்காரி தவறிப்போன பிறகு எனக்கு நாலு மணி வரைக்கும் ஒரு வேலையும் கிடையாது. நாலு மணிக்கு மேல் மூச்சுவிட நேரம் கிடையாது. அவள் ஓடிவந்து என் சட்டைப் பையில் கையை விடுவாள், பாருங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்? சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மூன்று மாதத்தில் ஒரு மிட்டாய் கொடுத்ததில்லை. ஒரு சாக்லேட் இல்லை, ஒரு பிஸ்கட் இல்லை. என் பேச்சில் பிசகு வராது. தாராபுரத்தில் சென்னியப்பன் என்று கேளுங்கள், பத்திரம் எழுதுகிற சென்னியப்பனா என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை எதுவானாலும் என் பத்திரத்தில் ஓர் எழுத்துத் தப்பு என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஓர் எழுத்துப் பிசகினால் ஒருத்தன் கிணறு இன்னொருத்தனுக்குப் போய்விடும் தம்பி. அந்தச் சம்பாத்தியத்தில்தான் அலங்கியம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் ஏழு ஏக்கர் வாங்கினேன். மகன் ஒருவன், மகள் ஒருத்தி. இன்னும் யார் பேருக்கும் எழுதவில்லை. எழுதினால் நம்மை யார் வந்து பார்ப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முன்னே கொடுத்தேன், அதை மறுக்கவில்லை. தேன்மிட்டாய் கொடுத்தேன், கமர்கட் கொடுத்தேன், பேக்கரியில் ஹனி கேக் வாங்கிக் கொடுத்தேன். தாத்தா என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம். ஈரோட்டில் என் சம்பந்தி, மேகலாவின் அப்பா, அவரும் வருகிறார். கையில் என்ன கொண்டுவருகிறார் தெரியுமா? டூத் பிரஷ். யானை போட்டது, மயில் போட்டது என்று விதவிதமாக டூத் பிரஷ். பேத்தியைப் பார்க்க வருகிறவர் கொண்டுவருகிற பண்டமா அது? என்னைப் பார்த்தால் பிள்ளை ஓடிவருகிறாள், அவரைப் பார்த்தால் வாயைக் காட்டுகிறாள். பாசம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். சொல்ல வேண்டாம், தலையை ஆட்டுங்கள்.

மேகலா அப்போதே சொல்லிவிட்டாள், இனிப்பு வேண்டாம் என்று. அதனால் கொஞ்சம் சூதானமாகத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் வாயைக் கொப்பளிக்க வைப்பேன். வாசம் வராமல் இருக்க ஒரு துண்டு வெள்ளரிக்காய். நாக்கில் கலர் ஒட்டுகிற மிட்டாய் என்றால் துண்டை நனைத்துத் துடைத்துவிடுவேன். "அம்மா என்ன கேட்டா என்ன சொல்லோணும்?" என்று ஒத்திகை பார்ப்போம். "அப்பாரு வீட்டுல வெள்ளரிக்கா தின்னேன்" என்பாள். அச்சு அசலாகச் சொல்வாள் தம்பி! முகத்தில் ஓர் அசைவு இருக்காது. வக்கீலுக்குப் படிக்க வைக்க வேண்டிய பிள்ளை.

அவளுடைய நல்ல குணத்தை இன்னும் கேளுங்கள். ஒரு சமயம் எதைக் கொடுத்தாலும் இடது பக்கமே வைத்து மென்றாள். "ஏன் கண்ணு, வலது பக்கம் என்ன?" என்று கேட்டேன். "சும்மாதான் அப்பாரு" என்றாள். கமர்கட்டைக் கடிக்க முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அம்மிக்கல்லில் வைத்துத் தட்டிப் பொடியாக்கிக் கொடுத்தேன். அவ்வளவு தூரம் யார் செய்வார்கள்?

ஒரு நாள் காலையில் கன்னம் பன்னாகிவிட்டது. காய்ச்சல். இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தனை நாளாக வலிக்கிறது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, ரொம்ப நாளாக என்றாளாம். ஏன் சொல்லவில்லை என்று மேகலா கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா? "சொன்னா அப்பாருக்குத் திட்டு விழும்." கேட்டீர்களா? கன்னம் வீங்கிக் காய்ச்சல் கொதிக்கிறது, அப்போதும் அப்பாருக்குத் திட்டு விழக் கூடாதாம்! பெற்ற பிள்ளைகள்கூட என்னிடம் இந்தப் பாசம் காட்டியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேகலாவுக்கும் கலங்கியது, ஆனால் அவளுக்கு வேறு ஏதோ காரணம் போலிருக்கிறது. என் முகத்தையே பார்க்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏழு பல் சொத்தை. ஏழுக்கும் சேர்த்து என்னை உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, என் பேத்திக்கு அக்கா மாதிரி இருக்கும். நான் கேட்டேன்: "ஏம்மா, இதெல்லாம் பால்பல்தானே? விழப்போற பல்லுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? இடிக்கப்போற வீட்டுக்கு ஆராச்சும் வெள்ளையடிப்பாங்களா?"

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டது. "ஐயா பஸ்ல போவீங்களா?"

"போவேன்."

"கூட்டமா வந்தா ஜன்னல் வழியாத் துண்டு போட்டு சீட் பிடிப்பீங்களா?"

"பிடிப்பேன்."

"பால்பல்லுங்கறது அந்தத் துண்டுங்கய்யா. அடியில இருந்து ஏறி வர்ற பல்லுக்கு அது சீட் பிடிச்சு வெச்சிருக்குது. கடைவாய்த் துண்டெல்லாம் பத்துப் பதினோரு வயசு வரைக்கும் கெடக்கோணும். நீங்க இப்பவே துண்டை எடுத்துட்டா பக்கத்துல இருக்கற பல்லெல்லாம் நகர்ந்து உக்காந்துக்கும். அப்பறம் வர்றவன் எங்க உக்காருவான்? கோணலா நிப்பான், மேல ஏறி நிப்பான். அதுவுமில்லாம, இந்த ஏழுல ஒண்ணு பால்பல்லே இல்லை. கடைசீல இருக்குது பாருங்க, ஆறு வயசுல முளைக்கிற பல். அது சாகிற வரைக்கும் இருக்க வேண்டிய பல்."

பல் டாக்டர் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் நான் என்ன பதில் சொல்வது? நிலத்தைப் பற்றிப் பேசியிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மேகலா பிள்ளையை மடியில் படுக்க வைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இது பூராவும் உங்கப்பாரு உனக்குக் குடுத்த சொத்தை." அவ்வளவுதான். அதைச் சொன்னவள் மேகலா, கேட்டவள் பிள்ளை. வந்த வினை எனக்கு.

என் மகள் வசந்தாமணியைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறது. அவளுடைய பையன் நந்து, எட்டு வயது. அவனுக்கும் மிருதுளாவுக்கும் எப்போதும் போட்டி. அன்று வசந்தாமணி போன் செய்திருக்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்க. போனை எடுத்தவள் மிருதுளா. "அத்தே! அப்பாரு சொத்தை பூராவும் எனக்கே குடுத்துட்டாரு! நந்துவுக்கு ஒண்ணுகூட இல்லையே!" என்று சொல்லி, வவ்வவ்வே காட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பிள்ளைக்கு என்ன தெரியும்? நந்துவிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது. அது போதும் அவளுக்கு.

சொத்தை! என்ன வார்த்தை பாருங்கள் தம்பி. "இந்தச் சொத்தை இன்னாருக்கு" என்று ஆயிரம் பத்திரம் எழுதியிருப்பேன். அந்த வார்த்தைக்குள் பல் ஒன்று உட்கார்ந்திருப்பது ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கார் வந்து நின்றது. வசந்தாமணி, பின்னால் மாப்பிள்ளை. இரண்டு பேர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. மகனையும் மருமகளையும் வேறு வரச்சொல்லியிருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்கப்பா, நான் கேள்விப்பட்டது நெசமா?"

"என்ன அம்மிணி கேள்விப்பட்டே?"

"சொத்தை பூராவும் பாப்பாவுக்கே குடுத்துட்டீங்களாமா?"

எனக்குச் சுருக்கென்றது. பல் விவகாரம் திருப்பூர் வரைக்கும் போய்விட்டதா! மேகலாதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"குடுத்தேன். இப்ப என்னங்கறே? ஒலகத்துல எந்த அப்பாரும் குடுக்காததையா நான் குடுத்துட்டேன்?"

"எல்லாத்தையுமா?"

"ஏழு."

சோபாவில் உட்காரப் போன மாப்பிள்ளை பாதியில் நிமிர்ந்துவிட்டார். "ஏழும் போச்சுங்களா மாமா?"

"ஏழும் போச்சுங்க மாப்பிள்ளை. அதுல ஒண்ணு ரெண்டு தேறும்னு டாக்டரம்மா சொல்லுது."

"டாக்டருக்கு இதுல என்னங்க வேலை?"

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்துத்தானுங்க சொன்னாங்க."

மாப்பிள்ளை என் மகளைப் பார்த்தார். பெரியவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். நான் என்ன நினைத்தேன் என்றால், அடடா, பிள்ளை மேல் இந்த மனுஷனுக்கு எத்தனை கரிசனம் என்று நினைத்தேன்.

வசந்தாமணி விடவில்லை. "எந்தம்பிக்குத் தெரியுமா இது?"

"ஆருக்கும் தெரியாது. கமுக்கமாத்தான் குடுத்தேன். இதையெல்லாம் மேளம் அடிச்சுக்கிட்டா குடுப்பாங்க?"

"ஒரேயடியாவா குடுத்தீங்க?"

"ஒரேயடியா எப்படி அம்மிணி குடுக்க முடியும்? தெனமும் கொஞ்சங் கொஞ்சமா. ரெண்டு வருசமாக் குடுத்துக்கிட்டு வர்றேன்."

"ரெண்டு வருசமா!" அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "எம்பையன் உங்களுக்குப் பேரன் இல்லீங்களா? மக வயித்துப் பிள்ளைன்னா எளக்காரமா? அவன் என்ன பாவம் பண்ணுனான்?"

"அட, அவனுக்கும் குடுக்கோணும்னுதான் எனக்கு ஆசை. நீ லீவுக்கு ரெண்டு நாள் கூட்டியாறே. ரெண்டு நாள்ல என்னத்தைக் குடுக்க முடியும்? ஒரு வருசம் எங்கிட்ட விட்டுப் பாரு. அவனுக்கும் வாய் நெறையக் குடுத்து அனுப்பறேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "குடுத்ததைத் திருப்பி வாங்கறதுக்கு வழி ஏதாவது இருக்குதுங்களா மாமா?"

"வேர் வரைக்கும் போயிருச்சுங்க. சிலதைப் புடுங்கோணும். சிலதுக்கு வேரைச் சுத்தம் பண்ணி, மேல சில்வர்ல குல்லா போட்டு மூடீருவாங்களாம்."

"நெலத்துக்கா?"

"எந்த நெலத்துக்கு?"

அந்த நேரம் பார்த்து மேகலா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், பின்னால் மகனும் பிள்ளையும். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள், தெரியாது. "அண்ணி," என்றாள், "அவர் சொல்றது பல்லை. நீங்க கேக்கறது நெலத்தை."

மாப்பிள்ளை என்னையும் மேகலாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வசந்தாமணி கேட்டாள். "அப்ப, நெலம் அப்படியேதான் இருக்குதா?"

"அப்படியேதான் இருக்குது."

"அப்பாடா!" மாப்பிள்ளை வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வசந்தாமணி சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டாள். மனுஷ புத்தியைப் பாருங்கள் தம்பி. ஏழு பல் போன பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். வலி எப்படி இருக்கிறது கண்ணு என்று ஒரு ஆள் கேட்க வேண்டுமே! எல்லார் கண்ணும் நிலத்தின் மேல். எனக்கு அருவருத்துவிட்டது. நானும் கேட்கவில்லைதான். ஆனால் நான் அப்போது மனம் நொந்து போயிருந்தேன், அது வேறு.

டீயைக் குடித்து முடித்ததும் மேகலா ஆரம்பித்தாள். பாப்பா இனி டேகேருக்குப் போகட்டும் என்றாள். நான் முடியாது என்றேன். என் மகன் சிவராஜ் கூரையைப் பார்த்தான். அவனுக்கு அது வழக்கம், இக்கட்டு வந்தால் மின்விசிறியில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பான்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் நெனைச்சா ஏழு ஏக்கரையும் நந்து பேருக்கு எழுதிப்போடுவேன். நாளைக்கே எழுதுவேன்" என்றேன். வசந்தாமணி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். சிவராஜ் மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நாற்பது வயது ஆளைக்கூட இப்படித் திரும்ப வைக்கலாம், சரியான பண்டத்தைக் காட்டினால். மேகலா மட்டும் அசையவில்லை.

"எழுதிக்குங்க மாமா. எனக்கு எம் பிள்ளை பல்லு போதும்."

"மேகலா..." என்று மகன் இழுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. எத்தனை திமிர்! ஏழு ஏக்கர் தம்பி. வாய்க்கால் பாசனம்.

கடைசியில் மகன் எப்படியோ பேசி ஒரு தவணை வாங்கிக் கொடுத்தான். இருக்கிற பல்லைச் சரிசெய்து கொள்வது. மூன்று மாதம் பிள்ளை என் வீட்டுக்கு வருவது. அதற்குள் புதுச் சொத்தை இல்லையென்றால் பழையபடி. இருந்தால் டேகேர். "மிட்டாய், சாக்லேட், பிஸ்கட், கேக், எதையும் குடுக்கக் கூடாது மாமா" என்றாள் மேகலா. சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆட்டியதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறேன். பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லியிருந்தால் அந்த நான்கு எல்லைக்குள் இருப்பது மட்டும்தான் பேச்சு. எல்லைக்கு வெளியே இருப்பதைப் பற்றிப் பத்திரம் பேசாது. அவள் சொன்னது மிட்டாய், சாக்லேட், பிஸ்கட், கேக். நான் கொடுத்தது பஞ்சாமிர்தம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பழனி இங்கிருந்து எத்தனை தூரம்? மாசம் தவறாமல் போகிறேன், டப்பா வாங்கி வருகிறேன். பிரசாதம் இனிப்பில் சேருமா? அதை இனிப்பு என்று சொன்னால் முருகன் பொறுப்பானா? நாலு மணிக்கு ஒரு கரண்டி, கிளம்பும்போது ஒரு கரண்டி. பல்லில் ஒட்டிக்கொள்ளும், வாஸ்தவம். பக்தி என்றால் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அப்புறம் தேன் நெல்லிக்காய். அது ஊட்டம். கருப்பட்டி, அது இரும்புச் சத்து. பேரீச்சம்பழம், ரத்தம் ஊறும். சளிக்கு ஒரு சிரப், இனிப்பாக இருக்கும் என்று அவளே கேட்டு வாங்கிக் குடிப்பாள். எந்தப் பிள்ளை மருந்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறது? அம்மா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் திருத்தம் செய்து வைத்தேன். "அப்பாரு மிட்டாயே குடுக்கலை." நூற்றுக்கு நூறு உண்மை. பொய் சொல்லப் பிள்ளையைப் பழக்கக் கூடாது பாருங்கள்.

அதனால் எனக்குப் பயமில்லை. வலது பக்கம் மெல்லுகிறாளா, இடது பக்கம் மெல்லுகிறாளா என்று நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது கொஞ்ச நாளாக நடுவில் வைத்து மெல்லுகிறாள். மெல்லுகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது. சப்புகிறாள்.

என்னம்மா? என்னையா? ஆமாம், நான்தான் அப்பாரு. ஏன், என்ன?

கேட்டீர்களா தம்பி! நர்ஸம்மா சொன்னதைக் கேட்டீர்களா? பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளாம். அம்மா சொல்லியும் திறக்கவில்லை, டாக்டர் சொல்லியும் திறக்கவில்லை. அப்பாரு வந்து சொன்னால்தான் திறப்பாளாம். இப்போது யார் வேண்டியிருக்கிறது பார்த்தீர்களா? வெளியே உட்கார் என்றார்களே! இதோ வருகிறேன். எழுந்து போய்விடாதீர்கள்.

நல்ல வேளை, இங்கேயே இருக்கிறீர்கள். கொஞ்சம் நகருங்கள், உட்கார்ந்துகொள்கிறேன். தண்ணீர் வேண்டாம்.

அந்தப் பெரிய நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் முழுக்கத் தண்ணீர். வலிக்கிறது போல. நான் உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள். "தெற கண்ணு, டாக்டரக்கா ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். காதைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினாள். குனிந்தேன். ரகசியம் சொன்னாள். ஆறு வயதுப் பிள்ளையின் ரகசியம் எப்படி இருக்கும்? அந்த அறையில் கேட்காத ஆள் இல்லை.

"தெறந்தா நீங்க மாட்டிக்குவீங்க அப்பாரு."

மேகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா விளக்கைத் திருகிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்வது? திறக்காதே என்று சொல்ல வாய் வந்தது, தம்பி. உங்களிடம் சொன்னால் என்ன. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "தெற சாமி" என்று சொல்லிவிட்டேன்.

திறந்தாள். டாக்டரம்மா கண்ணாடியை விட்டுப் பார்த்தது. ஒரு பல்லைத் தொட்டது, இன்னொரு பல்லைத் தொட்டது, அப்புறம் தொடுவதை நிறுத்திவிட்டது. "என்ன பாப்பா சாப்பிட்டே?" என்று கேட்டது.

"அப்பாரு மிட்டாயே குடுக்கலை." ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"மிட்டாய் குடுக்கலை, சரி. வேற என்ன குடுத்தாரு?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிறாள், கண்ணாலேயே. மேகலா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "மாமா, நாளைக்கு நாலு மணிக்கு நீங்க ஸ்கூலுக்கு வர வேண்டாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. முப்பது வருஷம் எழுதினேன், உரிமையை விட்டுக்கொடுக்க இத்தனை சுருக்கமாக ஒரு விடுதலைப் பத்திரம் நான் எழுதியதில்லை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

பிள்ளை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். இங்கேயே கேட்கிறது பாருங்கள். பஞ்சாமிர்தம், ஒண்ணு. நெல்லிக்கா, ரெண்டு. அடேயப்பா, வெல்லம் போட்ட பாலை நானே மறந்துவிட்டேன், அதையும் விடவில்லை. ஏழு. எட்டு. எத்தனை தெளிவாக எண்ணுகிறாள், கேட்டீர்களா? டேகேரில் இதெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது நான்தான் தம்பி.